உள்நெருப்பை இரண்டு நாளில் மூட்டித் தருவார்களா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு பதிப்பில், ரோரிக் தம்பதியர் தந்த ஆன்மிகப் போதனையான அக்னி யோகம் பற்றி வந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். அவர்களைப் பற்றித் தமிழில் எழுதுபவர்கள் குறைவு, எழுதியவருக்கு நன்றி. ஆனால் பாதிக்கு மேல் கட்டுரை வேறு பக்கம் போய்விட்டது. வேகமாக மூச்சு விட்டு உள்ளே உறங்கும் தெய்வ நெருப்பை எழுப்பலாம் என்கிறது. கடைசியில் கோலாலம்பூரில் நடக்கவிருக்கும் இரண்டு நாள் பட்டறைக்கு அழைப்பு வேறு. ரோரிக்கின் போதனையையும் இந்த மூச்சுப் பட்டறையையும் ஒன்றாக முடிச்சுப் போட்டதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க எனக்கு மனம் வரவில்லை.

நிக்கோலஸ் ரோரிக் ரஷ்ய ஓவியர். மோரியா என்ற குருவிடமிருந்து வந்த உபதேசம் என்று அவருடைய மனைவி ஹெலினா 1920-இல் லண்டனில் எழுதத் தொடங்கியவைதாம் பின்னர் நூல்வரிசையாயின. முதல் நூல் 1924-இல் வந்தது. 'அக்னி யோகம்' என்ற பெயரிலேயே ஒன்று 1929-இல். 1928 முதல் அந்தக் குடும்பம் இமயத்தில், குலு பள்ளத்தாக்கிலுள்ள நக்கரில் குடியிருந்தது. குருவின் வாக்கு என்பதை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். நூல்கள் சொல்வதில் மட்டும் குழப்பமே இல்லை. உலகத்தை விட்டு ஓடாதே, கையிலிருக்கும் வேலையை உன்னால் முடிந்த அளவு உயர்வாகச் செய், அச்சத்தை விடு, இதயத்தை விழிப்பாக வைத்திரு. நெருப்பு அதன் போக்கில் வளரும். எரிச்சலும் கோபமும் நரம்புகளில் நஞ்சாகப் படியும் என்றும் வருகிறது; அந்த நஞ்சுக்கு 'இம்பெரில்' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். மருத்துவத்தில் அப்படி ஒரு பொருள் கிடையாது. ஆனாலும் இரவுப் பணியில் எரிந்து விழும் ஒரே ஆளால் ஒரு வார்டே எப்படிக் கெடும் என்பதைத் தாதியாக வேலை பார்த்த எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்த இடத்தைப் படித்தபோதுதான் இந்த நூல்கள் எனக்கு நெருக்கமாயின.

மூச்சை அடக்கியும் விரட்டியும் சக்கரங்கள் எனப்படும் உடலின் சக்தி மையங்களைத் திறக்கப் பார்ப்பதை ஹெலினா ரோரிக் தம் கடிதங்களில் மீண்டும் மீண்டும் கண்டித்திருக்கிறார். அவர் பெயரைச் சொல்லியே அதை விற்பது எந்த வகையில் நியாயம்?

நமக்கு இது புதிய பேச்சும் அல்ல. வள்ளலார் அருட்பெருஞ்ஜோதியைப் பாடினார். தைப்பூசத்தன்று நாம் பினாங்கில் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஏறும் அதே நாளில் வடலூரில் அவர் நிறுவிய ஞான சபையில் ஏழு திரை விலக்கி ஜோதி காட்டுகிறார்கள். அந்த ஞான சபை 1872-இல் வந்தது. அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே, 1867-இல், அவர் தருமச்சாலையைத் திறந்து அடுப்பை மூட்டிவிட்டார். பசித்தவனுக்குச் சோறு முதலில், ஜோதி தரிசனம் பிறகு. அந்த அடுப்பு இன்றும் அணையவில்லை. ரோரிக்கும் வள்ளலாரும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. வழி வேறு, மரபு வேறு. ஆனால் ஒருவனுக்கு உள்ளே எரிவது உண்மையா என்று பார்க்க, பக்கத்தில் இருப்பவனிடம் அவன் எப்படி நடந்துகொள்கிறான் என்று பார்த்தால் போதும் என்பதில் இருவருக்கும் பேதமில்லை.

இப்போது பட்டறை விஷயம். எங்கள் வரிசை வீடுகளில் ஒரு பெண்பிள்ளை, கல்லூரியில் படிப்பவள், இப்படிப்பட்ட ஒன்றுக்குப் போய் வந்தாள். யார் நடத்தியது என்பது இங்கே வேண்டாம். அங்கே எடுத்த காணொளியைப் புலனத்தில் (வாட்ஸ்அப்) அவள் அம்மா எனக்கு அனுப்பி, "அக்கா, இது என்னன்னு பாருங்களேன்" என்றார். பிள்ளை பாயில் படுத்துப் புசுபுசுவென்று மூச்சு விடுகிறாள். கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கிக் கிடக்கிறது, மற்ற நான்கு விரல்களும் ஒட்டி விறைத்து நிற்கின்றன. உதடு நடுங்குகிறது. ஒலிவாங்கியில் ஒரு குரல், "விடாதே, அக்னி ஏறுகிறது" என்கிறது. சுற்றி இருப்பவர்கள் கைதட்டுகிறார்கள்.

அவசரப் பிரிவில் பயந்துபோய் வரும் பிள்ளைகளிடம் இதே கையை நான் பார்த்திருக்கிறேன். அளவுக்கு மீறி மூச்சு விட்டால் இரத்தத்தில் கரியமில வாயு குறையும், காரத்தன்மை ஏறும், நரம்புக்கும் தசைக்கும் வேண்டிய கால்சியம் கிடைக்காமல் போகும். விரல் மரத்து இழுத்துக்கொள்ளும், தலை சுற்றும், நெஞ்சு படபடக்கும். மூச்சு நிதானமானால் பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். வலிப்பு உள்ளவர்களுக்கு அப்படி விட்டுவிட முடியாது. மூளையின் மின்னலைகளைப் பதியும் பரிசோதனையில், மறைந்திருக்கும் வலிப்பு வெளிப்படட்டும் என்றே நோயாளியை மூன்று நிமிடம் வேகமாக மூச்சு விடச் சொல்வார்கள்; பக்கத்தில் ஆள் நிற்கும். பட்டறையில் அந்தப் பிள்ளையிடம் வலிப்பு உண்டா, இதய நோய் உண்டா, மனநலத்துக்கு மருந்து எடுக்கிறாயா என்று ஒருவரும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்தவள் பல நாள் சரியாகத் தூங்கவில்லை. "இன்னும் சுத்தியாகவில்லை, அடுத்த நிலைக்கு வா" என்று மறுபடி பணம் கேட்டிருக்கிறார்கள். எனக்கு ஆத்திரமே இங்கேதான். பிள்ளையின் பயத்தையே அடுத்த கட்டணத்துக்குக் காரணமாக்குகிறார்கள்.

மூச்சுப்பயிற்சியே கூடாது என்று நான் சொல்லவில்லை. பழகிய ஆசிரியரிடம் மெதுவாகப் பிராணாயாமம் கற்றுப் பலன் கண்டவர்கள் பினாங்கில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள்.

ஆகவே ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். இத்தகைய அழைப்புகளை இனி அச்சிடும்போது, நடத்துபவர் யார், என்ன பயிற்சி பெற்றவர், கலந்துகொள்பவர்களின் உடல்நிலையைக் கேட்டு எழுதி வாங்குகிறார்களா, முதலுதவி தெரிந்த ஆள் இருப்பாரா என்பதைக் கேட்டு அதையும் சேர்த்துப் போடுங்கள். பதில் தர மறுத்தால் அழைப்பையும் போடாதீர்கள். நீங்கள் வெளியிட்ட பட்டறை அடுத்த மாதம் நடக்கிறது. பெற்றோர் பணம் கட்டுவதற்கு முன் இந்தக் கடிதம் வந்துவிட்டால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதி ஒருவர்,
ஜெலுத்தோங், பினாங்கு.