வாள் செய்ய முன்பணம்

ஆசிரியர் அவர்களுக்கு,

பெங்களூருவில் சிலம்பம் கற்பிக்கும் நான், வாள்வீச்சுப் பயிற்சிக்கென முனை மழுக்கிய வாள் ஒன்றைச் செய்துதரச் சொல்லி, பட்டறை ஒன்றில் முழுத் தொகையையும் ரசீதின்றிக் கொடுத்துவிட்டு ஏழு மாதங்கள் அலைந்தேன். கிடைத்த வாளில், பிடிக்குள் இறங்க வேண்டிய இரும்பு இரண்டு விரற்கடை அளவே இருந்ததால், முதல் வீச்சிலேயே கைப்பிடி ஆடியது. எதிரே நின்றவன் பத்து வயதுச் சிறுவன்.

எஃகும் கரியும் வாங்கக் கொல்லருக்கு முன்பணம் தேவைதான். ஆயினும் அளவு, எடை, தரும் நாள் ஆகியவற்றை எழுதிக் கையெழுத்திட்டு மூன்றில் ஒரு பங்கையும், பிடி பொருத்தும் முன் வாளின் இரும்புப் பகுதியான அலகை நேரில் பார்த்து அடுத்த பங்கையும், வாளைக் கையில் வாங்கியபின் மீதியையும் தருவதே முறை. கூரிய வாளென்றால், ஆயுதச் சட்டம் 1959-இன்படி உரிமம் வேண்டுமா என்பதைக் காவல் நிலையத்தில் முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். ஏமாந்தவர்கள் நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம்.

சிலம்ப ஆசிரியர் ஒருவர்,
பெங்களூரு