கிளியோடு ஒரு தாளும் கொடுங்கள்

டர்பன் வட்டாரத்தில் கிளி வளர்த்து விற்பவர்களுக்கும் அவர்களுடைய சங்கப் பொறுப்பாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

தாள் விஷயத்தில் உங்களை யாரும் குறை சொல்ல முடியாது. கால் வளையத்தின் எண், தாய் தந்தைக் கிளிகளின் விவரம், ஆணா பெண்ணா என்ற டி.என்.ஏ. சான்று என எல்லாம் கோப்பில் இருக்கும். 2016இல் ஜோகன்னஸ்பர்க்கில் கூடிய சைட்டீஸ் (அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தம்) மாநாடு ஆப்பிரிக்கச் சாம்பல் கிளியை மிகக் கடுமையான கட்டுப்பாடுள்ள முதல் பட்டியலுக்கு மாற்றிய பிறகு கோப்பு இன்னும் தடித்துவிட்டது. வாங்குபவர் கையில் இத்தனையும் கொடுக்கிறீர்கள். அந்தக் கிளி கடித்தால் என்ன செய்வது என்று மட்டும் ஒரு வரிகூட எழுதிக் கொடுப்பதில்லை.

காயம்பட்ட கைகளை மறுபடியும் மடக்கவும் நீட்டவும் பழக்குவது என் தொழில். நாய் கடித்தவர் அன்றே மருத்துவரிடம் ஓடுகிறார்; நம் குவாசுலு-நத்தால் மாகாணத்தில் வெறிநோய்ப் பயம் அப்படி. கிளி கடித்தவரோ விரல் விறைத்த பிறகுதான் வருகிறார். பறவைக்கடியால் வெறிநோய் வராது என்பது உண்மைதான். அதைக் கேட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போவதுதான் வினையாகிறது.

பெரிய கிளியின் அலகு தோலைத் துளைப்பதோடு உள்ளே இருப்பதை நசுக்கவும் செய்யும். பஞ்சவர்ணக்கிளி விரல் எலும்பையே முறித்துவிடும். மேலே தெரிவது சிறு துளைதான். அது சீக்கிரம் மூடிக்கொள்ளும். உள்ளே புகுந்த கிருமி, விரலை மடக்கும் தசைநாணின் உறைக்குள் பரவ வழி கிடைத்துவிடுகிறது. விரல் முழுக்க ஒரே சீராக வீங்குவது, தானாகவே லேசாக மடங்கி நிற்பது, உள்ளங்கைப் பக்கம் நாண் ஓடும் வழி நெடுக அழுத்தினால் வலிப்பது, பிறர் நீட்டிவிட்டால் உயிர் போவது: இந்த நான்கில் ஒன்று தென்பட்டாலும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. உறையைத் திறந்து கழுவ வேண்டியும் வரலாம்.

தாமதித்தவர்களின் கதை ஏறக்குறைய ஒன்றேதான். நாண் உறையோடு ஒட்டிக்கொள்கிறது. விரல் பாதிதான் மடங்குகிறது. ஆடைத் தொழிற்சாலையில் தையல் இயந்திரம் ஓட்டிய அம்மா ஒருவருக்கு ஆள்காட்டி விரல் அப்படி நின்றுபோனது. துணியைத் தள்ளிக்கொடுக்கும் விரல் அது, வேலை போயிற்று. நரம்பு அறுந்திருந்தால் நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் என்ற கணக்கில்தான் அது வளரும், அதுவும் வழி சரியாக இருந்தால். மரத்துப்போன விரல் நுனி அடுப்பில் சுட்டாலும் தெரியாது. டர்பன் குளிர் ஒரு குளிரா என்பீர்கள். ஜூலை மாதக் காலையில் அந்த விரலைக் கேளுங்கள். சிலருக்கு எலும்புக்குள் சீழ் இறங்கியது வாரக்கணக்கில் கழித்தே தெரிகிறது. நம்மவர்களில் சர்க்கரை நோய் இல்லாத வீடு குறைவு. சர்க்கரை உள்ளவர்களுக்கு எல்லாமே இரட்டிப்பு வேகத்தில் கெடுகிறது.

"கடி வாங்காதவன் கிளி வளர்த்தவனே இல்லை" என்று உங்கள் கண்காட்சிகளில் பெருமையடிப்பதைக் கேட்டிருக்கிறேன். தழும்பைக் காட்டுகிறவர் விரலையும் முழுக்க மடக்கிக் காட்டட்டும். மஞ்சள் அப்புவது, சூப்பர் குளூவால் ஒட்டுவது, கிளியின் நகத்தில் இரத்தம் நிற்கப் போடும் பொடியையே தன் விரலிலும் அடைப்பது எல்லாம் உங்கள் கைவைத்தியம். மூன்றும் கிருமியை உள்ளே வைத்துப் பூட்டுகின்றன.

தாளில் வர வேண்டியவை அதிகமில்லை. வீங்குவதற்கு முன் மோதிரத்தைக் கழற்றுங்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுச் சில நிமிடம் நன்றாகக் கழுவுங்கள். ஆழமாக இறங்கியிருந்தாலோ, கடி மூட்டின் மேல் இருந்தாலோ, சர்க்கரை இருந்தாலோ அன்றே மருத்துவரிடம் போய்க் கடித்தது பறவை என்று சொல்லுங்கள். தடுப்பூசி போட்டு ஐந்தாண்டு கடந்திருந்தால் டெட்டனஸ் ஊசி பற்றியும் கேளுங்கள். காயம் ஆறும்போது விரலைத் துணியில் சுற்றி மாதக்கணக்கில் முடக்காதீர்கள். எப்போது அசைக்கத் தொடங்குவது என்று கேட்டு, சொன்ன நாளில் தொடங்குங்கள். கடியே இல்லாமல் காய்ச்சலும் வறட்டு இருமலும் வந்தாலும் வீட்டில் கிளி இருப்பதைச் சொல்லுங்கள். காய்ந்த எச்சத்தின் தூசி வழியாக வரும் கிளிக்காய்ச்சல், நீங்கள் சொல்லாவிட்டால் மருத்துவருக்கும் தோன்றாது.

தாளைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் மட்டும் அச்சிட்டால் போதாது, சூலுவும் வேண்டும். பல வீடுகளில் கூண்டுக்குள் கைவிட்டுத் துப்புரவு செய்பவர் முதலாளி அல்ல, சம்பளத்துக்கு வரும் பணியாளர். கடி முதலில் அவருக்குத்தான். வேலையில் பட்ட காயத்துக்கு இழப்பீடு பெறும் உரிமை வீட்டுப் பணியாளர்களுக்கும் உண்டு என்று தென்னாப்பிரிக்க அரசியல் சாசன நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்துவிட்டது. அதையும் அதே தாளில், அவர் படிக்கும் மொழியில் போடுங்கள். பணியாளர் கடிபட்டால் மருத்துவரிடம் போக அன்றே விடுப்புக் கொடுப்பதாகச் சங்க உறுப்பினர்கள் கையெழுத்திடவும் வேண்டும்.

வரைவை நானே எழுதித் தருகிறேன், கட்டணம் வேண்டாம். அடுத்த கண்காட்சிக்கு முன் அச்சாக வேண்டுமானால் செயலாளர் இந்த மாதத்துக்குள் சொல்லியனுப்பட்டும்.

இப்படிக்கு,
கைச் சிகிச்சையாளர் ஒருவர்,
சாட்ஸ்வொர்த்