ஃபிரிட்ஜில் விறைத்த சுஷி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சேலத்து ஜப்பானிய உணவகங்களில் சுஷி (வினிகர் கலந்த சாதத்தில் மீனோ காயோ சேர்த்த பண்டம்) சாப்பிட்டு முகம் சுளித்தவர்கள் பெரும்பாலும் மீனைத்தான் குறை சொல்கிறார்கள். கடலில்லாத ஊர், சந்தேகம் வரத்தான் செய்யும். ஆனால் வெறும் வெள்ளரிக்காய் வைத்துச் சுருட்டிய சுஷியும் வாயில் பொலபொலவென்று உதிர்கிறதே? கோளாறு சாதத்தில்.

பொன்னியும் பாசுமதியும் இதற்கு ஆகாது. சாதம் உதிரியாக வரவேண்டும் என்றே நாம் வாங்கும் அரிசிகள் அவை, பருக்கையை உதிரியாக்கும் அமிலோஸ் என்ற மாவுச்சத்து அதிகம். குட்டையான ஜப்பானிய ரகத்தில் அது குறைவு, அதனால் ஒட்டும். பொன்னியைக் குழைய விட்டால் களிதான் கிடைக்கும். சரியான அரிசி 450 கிராமைக் கழுநீர் தெளியும்வரை அலசி, அரைமணி ஊறவைத்து வடித்து, 540 மில்லி தண்ணீரில் மூடி வேகவைத்து, அணைத்தபின் 10 நிமிடம் திறக்காமல் விட வேண்டும். அரிசி வினிகர் 75 மில்லி, சர்க்கரை 30 கிராம், உப்பு 8 கிராம் கரைத்துச் சூட்டோடு ஊற்றி, அகப்பையால் வெட்டினாற்போலப் புரட்டி விசிற வேண்டும்.

இத்தனையும் செய்து ஃபிரிட்ஜில் வைத்தால் பாடெல்லாம் வீண். குளிரில் மாவுச்சத்து மறுபடி இறுகி, பருக்கை விறைத்துவிடும். சுஷி சாதம் கைச்சூட்டில் இருக்க வேண்டும். வினிகர் அளவாக இருந்தால் அந்தப் புளிப்பே அந்த வேளைக்குக் காக்கும். 'புளிக்கிறது' என்பார்களோ என்று பயந்து வினிகரைக் குறைப்பவர்களுக்குத்தான் ஃபிரிட்ஜ் தேவைப்படுகிறது.

சுஷியைச் சுற்றும் நோரி என்ற கடற்பாசித் தாளும், தட்டுவடைகளுக்கு நடுவே காய்த்துருவலும் சட்னியும் வைத்துத் தரும் நம் தட்டுவடை செட் மாதிரிதான். ஆர்டர் வந்தபிறகு அடுக்க வேண்டும். முன்கூட்டியே சுருட்டினால் நமத்துப் பல்லில் இழுக்கும். தள்ளுவண்டிக்காரருக்குத் தெரிந்தது ஏசி கடைக்குத் தெரியவில்லை.

காய், இறாலைத் தோய்த்துப் பொரிக்கும் டெம்புராவின் மைதா மாவைப் பஜ்ஜி மாவு மாதிரிக் கரைக்கிறார்கள். கடலை மாவில் இழுவை தரும் குளூட்டன் என்ற புரதம் கிடையாது, எவ்வளவு அடித்தாலும் தாங்கும். மைதாவில் இழுவை வந்து தோல் தடித்துவிடும். ஐஸ் தண்ணீரில் நாலே சுற்று, கட்டி இருந்தால் இருக்கட்டும். கால் பங்கு மரவள்ளி ஸ்டார்ச் கலந்தால் இன்னும் மொறுமொறுக்கும். ஜவ்வரிசி ஊரில் அதற்கா பஞ்சம்?

ஏற்காட்டுக் கடைக்காரர்கள் கவனிக்க: சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். சேலத்துக் கணக்கு அங்கே பற்றாது, அரிசி நடுவில் அரைவேக்காடாக நிற்கும்.

இன்னொன்று, இது ருசியைவிடப் பெரிய விஷயம். 'வெஜ்' என்று விற்கும் மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது) சூப்புக்கு அடிப்படையான தாஷிச் சாறு, வழக்கமாகக் கொம்பு என்ற கடற்பாசியும் கட்சுவோபுஷி என்ற உலர்மீன் சீவலும் போட்டு எடுப்பது. கடையில் விற்கும் தாஷிப் பொடியிலும் பெரும்பாலும் மீன் உண்டு. சைவத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 10 கிராம் கொம்புவும் நாலு உலர்ந்த ஷிடாகே காளானும் ராத்திரி ஊறினாலே போதும். எந்தச் சாறு என்பதை மெனுவில் அச்சிடட்டும். அதுவரை, கிருத்திகை விரதக்காரர்கள் பொடிப் பாக்கெட்டைக் கேட்டு வாங்கி, அசைவக் குறியான பழுப்பு முக்கோணம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கரண்டியை எடுங்கள்.

- சமையற்கலைப் பயிற்றுநர்கள், ஃபேர்லேண்ட்ஸ், சேலம்