ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது

ஸ்ரீரங்கம்,
10.8.2024

அன்புள்ள பொடியா,

அறுபதைத் தாண்டிய உன்னை இப்படி அழைக்க இனி நான் ஒருவன்தான் மிச்சம். அந்தப் பெயரை வைத்த நம் கெண்டை போய் இரண்டு மாதம் ஆகிறது. போனில் செய்தி சொன்ன அன்று நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

கெண்டையை வழியனுப்பிய கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். வைகாசி வெயிலில் காவிரி வெறும் மணலாகக் கிடந்தது. அம்மா மண்டபத்துப் படிகளைத் தாண்டி வெகுதூரம் நடந்துபோய், கணுக்கால்கூட நனையாத நீரில் அஸ்தியைக் கரைத்தான் அவன் மகன். அது நகரவே இல்லை. கையால் தள்ளிவிட வேண்டியிருந்தது. "இந்தத் தண்ணீரிலாடா என்னை விடுகிறீர்கள்?" என்று கெண்டை எங்கோ நின்று கத்துவதுபோல் இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் மைத்துனர் முறைத்தார்.

அணையில் நீர் இல்லாததால் இந்த வருடம் ஜூன் 12-இல் மேட்டூரைத் திறக்கவில்லை. ஜூலை 28-இல்தான் திறந்தார்கள். இரண்டே நாளில் அணை 120 அடியை எட்டியது. ஆடிப் பெருக்குக்குள் இங்கே இரு கரையும் முட்டிக்கொண்டு ஓடுகிறது. கொள்ளிடத்தில் உயரழுத்த மின்கோபுரம் ஒன்றே சாய்ந்துவிட்டது. ஒன்றரை மாதம் பொறுத்திருக்கக் கூடாதா அவன்?

புதுத் தண்ணீரை எதிர்கொள்ள நாம் ஓடியது உனக்கு நினைவிருக்கும். சருகும் சாணமும் எறும்பும் நுரையுமாக, சரசரவென்று ஒரு சத்தத்தோடு மணலை நனைத்துக்கொண்டு வரும். நீயும் நானும் கரையைப் பார்த்து ஓடுவோம். அவன் மட்டும் காலை நீட்டி மணலில் படுத்திருப்பான். கட்டைவிரலில் தண்ணீர் பட்ட பிறகே எழுந்திருப்பான். ஊரில் அதைத் திமிர் என்றார்கள். நாமும் அப்படித்தான் நினைத்தோம். ஆனால் முந்தைய நாளே அவன் பாலத்தைக் கடந்து பஸ் நிலையத்துக்குப் போய், கரூர் பஸ் கண்டக்டர்களிடம் தண்ணீர் குளித்தலை தாண்டிவிட்டதா, எவ்வளவு உயரம் என்றெல்லாம் விசாரித்து வருவான். ஒருமுறை என்னையும் கூட்டிப்போனான். உன்னிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டான். ஐம்பது வருடம் காப்பாற்றிவிட்டேன், போதும்.

ஆடிப் பெருக்கன்று காசுக்கு முங்குவானே, அதிலும் இந்தக் கணக்கு உண்டு. நாலணா நேராக அடிக்குப் போய்விடும். அலுமினியப் பத்துப் பைசா இலைபோல ஆடி ஆடி இறங்கும். அதைப் பாதி வழியிலேயே பிடித்துவிடலாம் என்பான். பிடித்ததில் பாதி அவனுக்கு, மீதியில் நமக்குப் பங்கு. கேட்டால், "நனைந்தது யார்?" என்பான். நியாயம்தான்.

இவ்வளவு கவனம் உள்ளவன் சர்க்கரைக்கு மாத்திரை மட்டும் ஒழுங்காகப் போடவில்லை. இதை நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது. நாலு வருடத்துக்கு முன் அதே கட்டைவிரலை எடுத்தார்கள். பார்க்கப் போனேன். "காவிரிக்கு வைத்திருந்தது, வேறு யாரோ வாங்கிக்கொண்டார்கள்" என்றான். நான் அன்று அவனைத் திட்டியிருக்க வேண்டும். சிரித்துவிட்டு, வாங்கிப்போன ஆரஞ்சை உரித்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

பெருக்கன்று படித்துறைக்குப் போனேன். வெள்ளத்தால் ஆற்றில் இறங்க விடவில்லை. காதோலை கருகமணியோடு பெண்கள் தடுப்புக்கு இந்தப் பக்கமே நின்று கும்பிட்டார்கள். கெண்டை இருந்திருந்தால் போலீஸ்காரரிடம் வாதாடிக்கொண்டிருந்திருப்பான்.

வைகுண்ட ஏகாதசிக்கு வருவதாகச் சொன்னாய். அந்தக் கூட்டத்தில் நாம் பேச முடியாது. பொங்கல் கழிந்து வா. மேட்டூரை வழக்கமாக ஜனவரி 28-இல்தான் மூடுவார்கள், அதுவரை ஆற்றில் நீர் இருக்கும். உன் முழங்கால் சம்மதித்தால் கடைசிப் படி வரை இறங்கலாம். பிறகு மூன்று பன்னீர் சோடா சொல்வோம். காசு நீதான் கொடுக்கிறாய். 1973-இலிருந்து உன் முறை பாக்கி இருக்கிறது என்று அவன் கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தான்.

உன்,
நெட்டையன்