வீட்டுக்கு போன் போடாதீர்கள்

காவிரி டெல்டாவில் திருமணப் பதிவு பார்க்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். போன மாதம் உங்களில் ஒருவருடைய அலுவலகத்தில் நடந்தது உங்களுக்குத் தெரியும். ஊர், பெயர் எழுதவில்லை. என் அக்கா மகள், 24 வயது, மதம் மாறாமலே வேறு மதத்தவரைக் கட்டிக்கொள்ள வழி தரும் சிறப்புத் திருமணச் சட்டப்படி, திருமணம் செய்யப்போவதாக நோட்டீஸ் கொடுத்தாள். பையன் கிறிஸ்தவர். நோட்டீஸை வாங்கிய கையோடு அங்கிருந்து அத்தானுக்கு போன் போயிருக்கிறது: "உங்க பொண்ணு இங்க வந்திருக்கு, தெரியுமா?"

அன்று சாயங்காலமே வேலையும் போயிற்று, கைபேசியும் போயிற்று. இப்போது மாடி அறையில் இருக்கிறாள். குளிக்கப் போனாலும் வாசலில் ஓர் ஆள். போய்ப் பார்த்தேன். காபி வைக்கக் குனிந்தவள், "மாமா, நோட்டீஸ் இன்னும் போர்டுல இருக்கா?" என்று மட்டும் கேட்டாள். கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் திருமணம் நடக்காவிட்டால் அது செல்லாமல் போகும். அவளுக்கு அந்தக் கணக்குதான். அடைத்து வைத்தவளை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தக் கேட்கும் ஆட்கொணர்வு மனுவுக்கு வக்கீலைப் பார்த்துவிட்டோம், அது தனி.

நோட்டீஸை அலுவலகத்தில் ஒட்டச் சொல்கிறது 1954ஆம் ஆண்டின் அந்தச் சிறப்புத் திருமணச் சட்டம். சரி. 30 நாளுக்குள் ஆட்சேபணை வந்தால் வயது, ஏற்கெனவே உள்ள திருமணம், மனநிலை, விலக்கப்பட்ட உறவு இவற்றைத்தான் பார்க்கச் சொல்கிறது. அப்பாவின் சம்மதம் அதில் எங்கே இருக்கிறது? வீட்டுக்கு போன் போடச் சொன்னது யார்?

கல்யாணம் அடிப்படை உரிமையே இல்லை என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதே என்றார் உங்கள் ஊழியர் ஒருவர். அது தன்பாலினத்தவர் வழக்கு. யாரைக் கட்டிக்கொள்வது என்ற முடிவு அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் பாதுகாப்புக்குள் வரும் என்று, கேரளப் பெண் ஹாதியாவின் திருமண வழக்கில் 2018இல் சொன்னதும் அதே நீதிமன்றம்தான். அவளுடைய சொந்த விருப்பம் என்பதால்தானே அதில் யாரும் கை வைக்கக் கூடாது?

புரோகிதர் இல்லாமல், மாலை மாற்றிக்கொண்டாலே திருமணம் என்று 1967இல் சட்டம் போட்ட மாநிலம் இது. இங்கே இன்னமும் காவல் நிலையத்தில் பெண்ணை உட்காரவைத்து "அப்பா அம்மாவ நினைச்சுப் பாரும்மா" என்று பஞ்சாயத்துப் பேசுகிறார்கள். கேட்கக் கேட்க வயிறு எரிகிறது.

மன்னிக்கவும், கேட்க வந்தது ஒன்றுதான். தயவுசெய்து வீட்டுக்கு போன் போடாதீர்கள். போடக் கூடாது என்று ஊழியர்களுக்கு எழுத்தில் உத்தரவு கொடுங்கள். அந்த மூன்று மாதம் முடிவதற்குள் அவள் மறுபடி உங்கள் முன் வந்து நின்றால், சட்டம் கேட்கும் மூன்று சாட்சிகளில் ஒருவனாக நான் வந்து கையெழுத்துப் போடுகிறேன்.

இப்படிக்கு,
அவளுடைய தாய்மாமன்
தஞ்சாவூர்