மீட்புப் படையோடு புவியியல் வல்லுநர்களும் செல்லட்டும்

ஆசிரியருக்கு,

வயநாட்டில் 2024 ஜூலை 30 அதிகாலையில் நேர்ந்த நிலச்சரிவை, மறுநாளே மேகத்தை ஊடுருவும் ரேடார் செயற்கைக்கோள் படமெடுத்தது. அதைக் கொண்டு, ஹைதராபாத்தில் உள்ள தேசியத் தொலையுணர்வு மையம் சரிவின் முழுத் தடத்தையும் வெளியிட்டது. சுமார் 1,550 மீட்டர் உயரத்தில் மலை பெயர்ந்திருக்கிறது. பெயர்ந்த பரப்பு 86,000 சதுர மீட்டர். பாறையும் சேறும் ஏறத்தாழ 8 கிலோமீட்டர் ஓடியிருக்கின்றன. அது பழைய சரிவு இருந்த இடம் என்பதும் அதில் தெரிந்தது. இவ்வளவு விரைவாக இது கிடைத்தது பெரிய சாதனை.

ஆனால் வானிலிருந்து எடுத்த படம் மட்டும் போதாது. சரிவு தாக்கிய சூரல்மலைக் கிராமத்தில் இடுப்பளவு சேற்றில் நின்று உடல்களைத் தேடியவர்களுக்கு மேலே, பிளந்த விளிம்பு அப்படியே நின்றது. அதில் புதிய வெடிப்பு விடுகிறதா, எவ்வளவு மழை பெய்தால் ஆட்களை வெளியேற்ற வேண்டும், தற்காலிகப் பாலத்தை எங்கே ஊன்றலாம் என்பதையெல்லாம் அந்த நேரத்திலேயே, களத்தில் இருந்து ஒருவர் சொல்ல வேண்டும். ஆய்வறிக்கை வாரங்கள் கழித்து வந்து என்ன பயன்?

வயநாட்டை ஒட்டிய நீலகிரிக்கு இந்தியப் புவியியல் ஆய்வு மையம் நிலச்சரிவு முன்னறிவிப்பு தருகிறது. அத்துடன், மழைக்காலம் முழுவதும் டிரோனுடன் ஒரு வல்லுநர் குழுவை உதகையிலேயே தங்கவைக்க வேண்டும். மீட்புப் படையின் முதல் வண்டியிலேயே அவர்களுக்கும் இடம் ஒதுக்க அரசு ஆணையிட வேண்டும்.

ஒரு வாசகர்,
கூடலூர், நீலகிரி.