அரைநாள் லீவு கேட்க ஆங்கிலம் எதற்கு? மட்டக்களப்பு, அம்பாறை அலுவலகத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அலுவலகத் தலைவர்களுக்கு,

வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

அலுவலக வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்குக் கல்முனையில் கணினி சொல்லிக்கொடுப்பவன் நான். வாழைச்சேனை தொடங்கி பொத்துவில் வரை, அரச அலுவலகம், நிதி நிறுவனம், தொண்டு நிறுவனம், ஹார்ட்வெயார் கடை என்று பல இடங்களில் என் மாணவர்கள் இருக்கிறார்கள். வேலை கிடைத்த பிறகும் என்னைத் தேடி வருவார்கள். "சேர், இந்த ஈமெயிலைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்களன்." வாங்கிப் பார்த்தால் அரைநாள் லீவு கேட்கும் மடலாக இருக்கும். லீவு கேட்பவரும் தமிழ் பேசுபவர், கொடுப்பவரும் தமிழ் பேசுபவர். மடல் மட்டும் ஆங்கிலம்.

பிள்ளை தமிழில் நினைத்ததை கூகுளில் போட்டு ஆங்கிலமாக்கி, சாட்ஜிபிடியிடம் கொடுத்து மெருகேற்றி அனுப்புகிறது. மேலதிகாரி அதே கூகுளில் போட்டுத் திரும்பத் தமிழாக்கி வாசிக்கிறார். நலம் விசாரிப்பு, நன்றி, எதிர்பார்ப்பு எல்லாம் கடந்து கடைசி வரியில்தான் செவ்வாய்க்கிழமை பின்னேரம் கிளினிக் போகவேண்டும் என்ற விசயம் கிடக்கும். அதற்குள் அவர் பொறுமையிழந்து கோல் எடுத்துவிடுவார்: "தம்பி, என்ன விசயம்?"

நான் கேட்பது இதுதான். அலுவலகத்துக்கு உள்ளேயும் இரண்டு மாவட்டங்களிலுள்ள தமிழ் பேசும் அலுவலகங்களுக்கு இடையேயும் போகும் மின்னஞ்சலைத் தமிழில் எழுதலாம் என்று நீங்கள் வாய்விட்டுச் சொல்லுங்கள். அரச அலுவலகங்களுக்கு இதில் புதிதாக எதுவும் இல்லை. இலங்கை அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டு 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. 1988இன் 16ஆவது திருத்தம் வடக்கு கிழக்கின் நிர்வாக மொழி தமிழ் என்றது. தனியார் நிறுவனங்களில் தடுப்பது சட்டமல்ல, கூச்சம். கொழும்புத் தலைமையகத்துக்கு ஆங்கிலத்திலும், தேவைப்படும் இடத்துக்குச் சிங்களத்திலும் எழுதட்டும். அதில் எனக்கு மறுப்பில்லை.

தமிழில் எழுதச் சொன்னால் இன்னொரு வில்லங்கம் வரும், அதையும் சொல்லிவிடுகிறேன். "மேற்படி விடயம் தொடர்பில் தங்களின் மேலான கவனத்திற்கு இத்தால் தயவுடன் கொண்டுவர விரும்புகின்றேன்" என்று தொடங்கிவிடுவார்கள். பழைய கோப்புகளைப் பார்த்துப் பழகிய கை. இதிலும் விசயம் இல்லை. வகுப்பில் நான் எழுதிக் காட்டுவது இப்படி:

பொருள்: 14ஆந் திகதி பின்னேரம் அரைநாள் லீவு

சேர், வணக்கம். 14ஆந் திகதி செவ்வாய் பின்னேரம் அம்மாவைக் கிளினிக்குக் கூட்டிப்போக வேண்டியிருப்பதால் அரைநாள் லீவு தேவை. அன்றைய வவுச்சர்களைப் பகல் 12 மணிக்கு முன் முடித்துவிடுவேன். அதன் பிறகு வருவதைக் கணக்குப் பகுதித் தங்கச்சி பார்த்துக்கொள்வார். நன்றி.

இதில் மரியாதைக்கு என்ன குறை? எத்தனை பேர் இதைக் கைபேசியில் ஒரு பார்வையில் வாசித்து "சரி" என்று பதில் போடுவார்கள் என்று யோசியுங்கள். பொருள் என்ற இடத்தை வெறுமையாக விட்டு, ஸ்கேன் 0001 என்ற பெயரோடு ஒரு படத்தை மட்டும் இணைத்து அனுப்பும் பழக்கத்தை விட இது எவ்வளவோ மேல். கடிதத்தில் எனது இலக்கம், உமது இலக்கம் என்று போட மறக்காதவர்கள் மின்னஞ்சலில் ஒன்றும் போடாமல் விடுவது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

கடினமான மடல்கள்தான் பிள்ளைகளை உண்மையில் பயமுறுத்துகின்றன. காசு கேட்பது, பிந்தும் என்று சொல்வது, முடியாது என்று சொல்வது. நிலுவை கேட்கும்போது கெஞ்சவும் வேண்டாம், மிரட்டவும் வேண்டாம். இன்வொய்ஸ் இலக்கம், அனுப்பிய திகதி, தொகை, "எந்தத் திகதியில் கிடைக்கும் என்று வெள்ளிக்கிழமைக்கு முன் அறியத் தாருங்கள்" என்ற ஒரு வரி போதும். அறிக்கை பிந்துமென்றால், பிந்தும் என்பதை முந்தியே எழுதி புதிய திகதியையும் போடவேண்டும். ஆனால் பிந்தும் என்று எழுதிய பிள்ளையை எல்லோர் முன்னாலும் ஏசினால், அடுத்த முறை அது வாயே திறக்காது. இந்தப் பாடத்தை வகுப்பில் நடத்த என்னால் முடியாது, அது உங்கள் கையில்.

பிரதி போடுவது பற்றியும் ஒரு வார்த்தை. கடிதத்தின் அடியில் "தகவலுக்காக" என்று பிரதி போட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். மின்னஞ்சலில் அது மேலிடத்துக்குக் கோள் சொல்லும் வழியாகிவிட்டது. சின்னப் பிணக்குக்குப் பணிப்பாளர் வரை பிரதி. முதலில் ஆளிடம் நேரே கேளுங்கள் என்று உங்கள் ஊழியருக்குச் சொல்லுங்கள்.

பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவை மின்னஞ்சலில் நிறுத்துங்கள். அதில் "தமிழ்" என்று தட்டினால், கணினிக்குள் பதிவது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். எழுத்துரு இல்லாத கைபேசியில் திறப்பவருக்கு அதுவேதான் தெரியும். பிறகு தேடினாலும் அகப்படாது. எந்தக் கைபேசியிலும் தமிழாகவே தெரியும் யுனிகோட் முறை விசைப்பலகைக்கு மாற ஒரு கிழமைப் பயிற்சி போதும், செலவு எதுவுமில்லை.

கடைசியாக, பதில். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி மின்னஞ்சலில் வரும் கோரிக்கையும் எழுத்துமூலக் கோரிக்கைதான். அரச அலுவலகங்கள் அதற்கு 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். மற்ற மடல்கள் மட்டும் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடக்கலாமா? "கிடைத்தது, வியாழனுக்குள் பார்க்கிறோம்" என்று ஒரு வரி எழுதினால் அந்த மனிதர் களுவாஞ்சிக்குடியிலிருந்து பஸ் ஏறி வந்து கேட்கும் அலைச்சல் மிச்சம். அலுவலக வேலையைச் சொந்த ஜிமெயிலில் நடத்துவதையும் விடுங்கள். உத்தியோகத்தர் இடமாற்றம் பெற்றுப் போகும்போது மடல்கள் முழுதும் அவரோடு போய்விடுகின்றன. பதவிப் பெயரில் ஒரு முகவரி திறந்து, கடவுச்சொல்லைப் பொறுப்பேற்பவரிடம் கையொப்பம் வாங்கி ஒப்படையுங்கள், அலுமாரிச் சாவியை ஒப்படைக்கிறீர்களே, அந்தப் பட்டியலிலேயே சேர்த்து.

இப்படிக்கு,
கல்முனையிலிருந்து ஒரு கணினிப் பயிற்றுநர்